பிரித்த பாக்கெட் முதலில் முடியட்டும்: மதுரையில் புதுக்குடித்தனம் போடுகிறவர்களுக்கு

குடித்தனம் போட்டு மூன்று நாலு மாதம் ஆன வீட்டில் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். ரவைப் பாக்கெட் இரண்டு இருக்கும், இரண்டுமே வாய் பிரிந்து ரப்பர் பேண்டு போட்டிருக்கும். மல்லித்தூள் ஒன்று அடுப்புப் பக்கத்தில், இன்னொன்று மேல் தட்டில். குளியலறையில் பழைய ஷாம்பு பாட்டில் தலைகீழாக நிற்கும், அதை ஒட்டியே புதுசும் திறந்திருக்கும். வேண்டுமென்று யாரும் இப்படிச் செய்வதில்லை. குக்கர் விசிலடிக்கும் நேரத்தில் கைக்கு எட்டியது எதுவோ அதைப் பிரிக்கிறோம், அவ்வளவுதான்.

‘இருக்கிறதை முடிச்சுட்டுப் புதுசைப் பிரி’ என்று சொல்லாத பெரியவர்கள் கிடையாது. சொல்லி நடக்கிற காரியமாக இருந்தால் எப்போதோ நடந்திருக்கும். பழசைத் தாண்டிப் புதுசுக்குக் கை போகாதபடி வீட்டை ஒதுங்க வைத்துவிட்டால் யாரும் யாருக்கும் சொல்லவே வேண்டாம். வேலைக்கோ படிப்புக்கோ மதுரைக்கு வந்து வீடு எடுத்தவர்களையும், கல்யாணமாகித் தனியாக வந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்த ஊர் வெயிலும் தண்ணீரும் சாமான் கெடுகிற வேகத்தை மாற்றும் என்பதால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வேலை: எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஹாலில் பேப்பரை விரித்து, அலமாரியில், பரணில், ஃபிரிட்ஜ் கதவில், பலசரக்குப் பையின் அடியில் இருப்பதையெல்லாம் கொண்டுவந்து வையுங்கள். ஒரே சாமானாக இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வேறு கணக்கு வேண்டாம். கடுகு மூன்று இடத்தில் இருந்தது அப்போதுதான் தெரியும்.

அடுத்து ஒவ்வொன்றையும் திறந்து மோந்து பாருங்கள். மூக்கு சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். மிளகாய்த்தூள் காரநெடி அடிக்க வேண்டும். கடலைப் பருப்பு மாவாக உதிர்ந்து, மணிகளில் சின்ன ஓட்டை இருந்தால் வண்டு வந்துவிட்டது என்று பொருள். ரவையும் கோதுமை மாவும் நூல் கட்டினதுபோல் ஒட்டிக்கொண்டு தொங்கினால் அந்துப்பூச்சி கூடு கட்டியிருக்கிறது. அதைச் சலித்துப் பயன்படுத்த வேண்டாம், போகட்டும்.

பிரித்த பாக்கெட் இரண்டு இருந்தால் ஒன்றில் கொட்டிச் சேர்த்துவிடத் தோன்றும். உப்பு, சர்க்கரைக்குச் சேர்க்கலாம். மற்றவற்றுக்கு வேண்டாம். பழசில் இருக்கும் இரண்டு வண்டும் நாலு முட்டையும் புதுசுக்குப் போய்ச் சேரும், பிறகு இரண்டும் போச்சு. அதிலும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் தனிக் காரணமே இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தேதியைப் படிக்கும் விதம்

பாக்கெட்டில் இரண்டு விதத் தேதி வரும். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் அதுவரை மணம், ருசி, மொறுமொறுப்பு குறையாது என்று கம்பெனி சொல்கிறது. அந்த நாள் தாண்டினால் மறுநாளே விஷமாகிவிடாது. பிஸ்கெட் கொஞ்சம் நமத்திருக்கும், மசாலாவில் வாசம் குறைந்திருக்கும். ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பயரி’ என்று போட்டிருந்தால் அது எல்லைக்கோடு. பால், பன்னீர், மருந்து, குழந்தைக்கான பவுடர் இவற்றில் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

சில பாக்கெட்டில் தயாரித்த தேதி மட்டும் இருக்கும், கூடவே ‘தயாரித்ததிலிருந்து ஆறு மாதம்’ என்று ஒரு வரி இருக்கும். கடையில் நின்று விரல் விட்டு எண்ண யாருக்கும் பொறுமை இல்லை. வீட்டுக்கு வந்ததும் மார்க்கர் பேனாவால் முன்பக்கம் பெரிதாக முடியும் மாதத்தை எழுதிவிடுங்கள். ‘பங்குனி’ என்று எழுதினாலும் சரி, ‘3/26’ என்று எழுதினாலும் சரி, அலமாரியைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும்.

பாக்கெட்டைப் பிரித்துச் சம்படத்தில் கொட்டும்போதுதான் தேதி தொலைகிறது. கவரைக் குப்பையில் போடுமுன் தேதி அச்சடித்த மூலையை மட்டும் கத்தரித்து, சம்படத்தின் மூடிக்குள் செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். புதுசு கொட்டும்போது பழைய துண்டை உரித்துப் போட்டுவிடலாம்.

இந்தத் தேதியெல்லாம் பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான். பிரித்த நாளிலிருந்து கணக்கு வேறு. அழகுசாதனப் பொருட்களில் மூடி திறந்த டப்பி படம் ஒன்று சின்னதாகப் போட்டு அதற்குள் ‘12எம்’, ‘6எம்’ என்று இருக்கும். திறந்து அத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். பலரும் அந்தப் படத்தைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அலமாரிக்கு ஒரே சட்டம்

எந்தச் சாமானாக இருந்தாலும் வீட்டில் பிரித்தது ஒன்றுதான் இருக்க வேண்டும். பிரிக்காதது எத்தனை இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அது சமைக்கிற இடத்தில் இருக்கக் கூடாது.

ஆகவே இடத்தை இரண்டாகப் பிரியுங்கள். அடுப்படியில் கை நீட்டினால் எட்டுகிற தட்டில் பிரித்த சாமான் மட்டும். பிரிக்காததெல்லாம் பரணில், அல்லது ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் மேல் தட்டில், ஒரே ஒரு பெட்டியில். வாடகை வீட்டில் பரண் இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி போதும். ஏறி இறங்கும் சிரமம்தான் இங்கே காவல்காரன். ஸ்டூல் போட்டு ஏறுமுன் ‘கீழே இன்னும் கொஞ்சம் கிடக்குமே’ என்று மனசு தானாகவே ஒருதரம் பார்த்துவிடும்.

பிரிக்காத பெட்டிக்குள் புதுசைப் பின்னால் தள்ளி, பழசை முன்னால் இழுத்து வையுங்கள். ஒழுங்கான கடைக்காரர்கள் இதைத்தான் தினமும் செய்கிறார்கள். முன்வரிசையில் நிற்பது பெரும்பாலும் முன்பு வந்த சரக்கு. அவசரமாகத் தீர்த்துவிடுவோம் என்று தெரிந்தால் அதையே வாங்கலாம், தப்பில்லை. மாதக்கணக்கில் வைக்கப் போகிறோம் என்றால் பின்வரிசையிலிருந்து கேட்டு வாங்குங்கள். “அண்ணாச்சி, புதுச் சரக்கு பாத்துக் குடுங்க” என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரு எச்சரிக்கை: அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டில் பொடியையும் எண்ணெயையும் வைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் மதுரையில் 40 டிகிரி சர்வசாதாரணம். அதோடு அடுப்புச் சூடும் சேர்ந்தால் மசாலாவின் வாசம் சீக்கிரமே போய்விடும்.

துவரம் பருப்பு: கொஞ்சம் நின்று பார்ப்போம்

புதிதாகச் சமைக்கிறவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். நேற்று நாலு விசிலில் மசிந்த பருப்பு இன்று ஏழு விசிலுக்கும் அரிசிபோல் நிற்கும். குக்கர் கேஸ்கட்டைச் சந்தேகப்படுவார்கள். காரணம் பெரும்பாலும் பருப்பின் வயசு. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு உள்ளுக்குள் இறுகிப் போகும், வேகவே வேகாது. பழசையும் புதுசையும் ஒரே சம்படத்தில் கலந்துவிட்டால் இன்னும் மோசம்: புதுசு கரைந்து கூழாகும், பழசு பல்லில் கடிபடும். எத்தனை விசில் வைத்தாலும் சரிவராது. பருப்பைச் சேர்க்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

பழைய பருப்பைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கழுவி, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அந்தத் தண்ணீரோடு வேக வைக்கலாம். உப்பும் புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு முதலிலேயே போனால் பருப்பு வேக மறுக்கும். மதுரையில் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் பருப்பை இறுக்கும். குடிக்கிற தண்ணீரில் வேக வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இவ்வளவும் செய்து மசியவில்லை என்றால் ஊறவைத்து அரைத்து அடைக்குப் போடுங்கள். அரைபட்ட பிறகு வயசு தெரியாது.

ரேஷன் கார்டு உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் மாதாமாதம் கிடைக்கிறது. விலை மலிவு என்பதால் வாங்கி வைத்துவிட்டு, கடைப் பருப்பையே எடுத்துச் சமைப்பவர்கள் பலர். நாலு மாதத்தில் ரேஷன் பருப்பு நாலு கிலோ சேர்ந்து வண்டு விழும். வாங்கினால் அந்த மாதமே சாம்பாருக்கு அதைப் பிரியுங்கள். கடையில் பருப்பு வாங்குவதை அந்த மாதம் சிட்டையிலிருந்து அடியுங்கள். பாமாயில் அவ்வளவு சீக்கிரம் கெடாது. முறுக்கு, அதிரசம் சுடும் தீபாவளி மாதத்துக்கு இரண்டு பாக்கெட் ஒதுக்கி வைக்கலாம், தேதியைப் பார்த்து.

சம்படம் காலியானதும் அப்படியே புதுசைக் கொட்டாதீர்கள். கழுவி, துடைத்து, மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். மூடி இடுக்கில் ஒட்டியிருக்கும் மாவுத் தூசியில்தான் வண்டு தங்கும்.

எண்ணெய்ப் பாட்டிலின் அடி

எண்ணெய் பாட்டிலில் அரை விரற்கடை மிச்சம் இருக்கும்போதே மேலே புதுசை ஊற்றுவது பல வீட்டில் உள்ள வழக்கம். எண்ணெய் காறிப் போவது தொற்றிக்கொள்கிற குணம் உள்ளது. அடியில் கிடக்கும் காறல் எண்ணெய் நல்ல எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கும். இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முழுசாகக் கவிழ்த்து முடித்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் சொட்டில்லாமல் காயவைக்கும் நேரத்தில் இன்னொன்று புழக்கத்தில் இருக்கட்டும்.

கெட்டதா என்று பார்க்க, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பாருங்கள். பெயிண்ட் வாடை, பழைய கிரேயான் வாடை வந்தால் சமையலுக்கு ஆகாது. கடலை எண்ணெய் இதில் முந்திக்கொள்ளும். நல்லெண்ணெயில் கெடாமல் காக்கும் பொருட்கள் இயல்பாகவே இருப்பதால் அது கூடுதல் நாள் தாங்கும். ஆகவே செக்கில் வாங்கும்போது நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினாலும், கடலை எண்ணெயை அரை லிட்டராக வாங்குவது புத்திசாலித்தனம். காறிப்போனதை விளக்குக்கு ஊற்றுவார்கள். சாமிக்கு அதை ஊற்ற மனம் வராதவர்கள் கிறீச்சிடும் கதவுக் கீலுக்கும் இரும்பு அரிவாள்மனைக்கும் தடவலாம்.

அப்பளம், வடை சுட்ட எண்ணெய் வேறு விஷயம். அதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். கருத்து, நுரைத்து, லேசான சூட்டிலேயே புகைந்தால் மிச்சம் பார்க்கக் கூடாது. அடைத்த பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள், சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

அரிசி, பொடி, மாவு

முன்பு 25 கிலோவாக வந்த அரிசிச் சிப்பம் இப்போது பல கடையில் 26 கிலோவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டதும் ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி வரிக்கு வெளியே போய்விட்டார்கள். அது அவர்கள் சாமர்த்தியம். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அது முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பது நம் பாடு. மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், ஐந்து பத்து கிலோவாக வாங்குவது நல்லது.

அரிசியில் மட்டும் ‘பழசு’ என்பது வசவு இல்லை. பழைய அரிசி உதிரியாக வடியும், புது அரிசி குழையும். கடையில் பழசு என்று கேட்டு, கூட விலை கொடுத்தே வாங்குவார்கள். ஆனாலும் டிரம்மில் அடியில் கிடப்பதன் மேல் புதுச் சிப்பத்தைக் கொட்டாதீர்கள். அடி அரிசியை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, டிரம்மைத் துடைத்து, புதுசைக் கொட்டி, பழசை ஒரு தூக்குவாளியில் போட்டு முன்னால் வையுங்கள். வண்டு இருந்தால் நிழலில் பரப்பிப் புடைக்க வேண்டும். நல்ல வெயிலில் போட்டால் அரிசி விரிசல் விட்டுச் சோறு நொய்யாகும். பருப்பை வெயிலில் போடலாம். காய்ந்த வேப்பிலையும் வரமிளகாயும் போட்டு வைப்பது ஓரளவு தாங்கும், ஆனால் ஏற்கெனவே விழுந்த வண்டை அது விரட்டாது.

குழம்பு மிளகாய்ப்பொடியைச் சித்திரை வெயிலில் மிளகாயும் மல்லியும் காயவைத்து மில்லில் அரைத்து வருவது மதுரைப் பக்கம் இன்னும் நடக்கிறது. அம்மா வீட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு என்று தூக்குவாளி நிறைய வரும். வரும்போது போன வருஷத்துப் பொடி அடியில் கிடந்தால் அதைப் புதுசோடு கலக்காதீர்கள். காரம் குறைந்திருக்கும், ஆகவே மீன் வறுவலுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் ஒரு கரண்டி கூடப் போட்டுத் தீர்க்கலாம். புதுப் பொடியைப் பேப்பரில் பரப்பிச் சூடு ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி தட்டும். தினசரிப் புழக்கத்துக்கு ஒரு சின்ன டப்பா, மீதி இருட்டான இடத்தில். வத்தல், வடகமும் இதே கணக்குதான். மாடியில் புதுசு காயுமுன் பங்குனிக்குள் பழசைப் பொரித்துத் தின்றுவிட வேண்டும்.

பழைய வெல்லம் மழைக்காலத்தில் கசிந்து கட்டியாகும். அதைச் சித்திரைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஊரே பானகம் கரைக்கும், ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். புளித்த இட்லி மாவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெங்காயம் பச்சைமிளகாய் போட்டால் ஊத்தப்பம், தாளித்துக் கொட்டினால் குழிப்பணியாரம். அதற்குப் பிறகும் மிஞ்சினால் நீங்கள் அதிகம் அரைக்கிறீர்கள்.

குளியலறை

புதுப் பேஸ்ட், புதுச் சோப்பு, புது ஷாம்பு எதையும் குளியலறைக்குள் வைக்காதீர்கள். படுக்கையறை பீரோவில் வையுங்கள். ஈரத் தலையோடு அங்கே போய் எடுக்க யாருக்கும் சோம்பேறித்தனம் வரும், அந்தச் சோம்பேறித்தனத்தில் பழசு தீரும். பேஸ்ட் டியூபை அடியிலிருந்து சுருட்டித் துணி கிளிப் போடுங்கள். இனி வராது என்று தோன்றும்போது நடுவில் கத்தரித்தால் இரண்டு பேருக்குச் சில நாளுக்குக் குறையாமல் உள்ளே ஒட்டியிருக்கும்.

குளியல் சோப்பில் சட்டம் தலைகீழ். புதுச் சோப்பை முன்கூட்டியே கவரைப் பிரித்துத் துணிக்கு நடுவில் வைக்கலாம். ஈரம் வற்றி இறுகும், சீக்கிரம் கரையாது, பீரோவும் மணக்கும். பிரிப்பதில் தப்பில்லை, தண்ணீர் படாமல் இருந்தால் சரி. தேய்ந்த சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஈரமாக அழுத்தி ஒட்டினால் மறுநாள் ஒன்றாகிவிடும். உப்புத் தண்ணீரில் சில்லு நுரைக்காமல் வெள்ளையாகத் திரியும். அப்படியானால் சில்லுகளைச் சேர்த்து வெந்நீரில் கரைத்து மிதியடி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பு பாட்டில் முடியாமலேயே சலித்துப்போகிறது என்பவர்கள் சாஷே வாங்கலாம். பிளாஸ்டிக் குப்பை கூடும் என்பது உண்மை. ஆனால் புது வாசனையை முயன்று பார்க்க ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷே போதும். அதற்காக 300 மில்லி பாட்டிலைத் திறந்து வைத்து மூன்றோடு நாலாக நிறுத்த வேண்டியதில்லை.

முடிக்கவே கூடாதவை

வீணாக்கக் கூடாது என்ற பழக்கம் ஊறியவர்கள் தடுமாறுகிற இடம் இது. மருந்துக்கு இந்தச் சட்டமே கிடையாது. ஆன்டிபயாடிக் மாத்திரை டாக்டர் சொன்ன நாளுக்குச் சாப்பிட்டு முடிக்க வேண்டியது. மிச்சம் வைத்து அடுத்த காய்ச்சலுக்கு விழுங்குவது சிக்கனம் ஆகாது. தண்ணீர் கலந்து கொடுக்கிற குழந்தை ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் ஒரு வாரம்தான் தாங்கும், லேபிளைப் பாருங்கள். கண் சொட்டு மருந்தை, அதில் வேறு கணக்கு எழுதியிருந்தாலொழிய, திறந்து ஒரு மாதத்துக்குமேல் வைக்கக் கூடாது, பாட்டில் பாதி இருந்தாலும் சரி. கரைத்த ஓ.ஆர்.எஸ். 24 மணி நேரம். சுகர், பிரஷர் மாத்திரை தினமும் சாப்பிடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அங்கே மட்டும் பழைய அட்டை முதலில் என்பது பொருந்தும். எக்ஸ்பயரியில் மாதம் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று கொள்ளலாம்.

பூஞ்சை பிடித்த நிலக்கடலை, கொப்பரை, மிளகாய் வத்தலைத் துடைத்து வெயிலில் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். கூடாது. அந்தப் பூஞ்சை விடும் நஞ்சு வெயிலுக்கும் போகாது, வறுத்தாலும் போகாது. தேதி முடிந்த சன்ஸ்கிரீனையும் வையாதீர்கள். மதுரை வெயிலில் அதைப் பூசிக்கொண்டு போவது பூசாமல் போவதைவிடக் கெடுதல், ஏனென்றால் பாதுகாப்பு இருக்கிறதென்று நம்பிக் கூடுதல் நேரம் நிற்போம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் பாட்டிலில் கொஞ்சம், பிளீச்சிங் பவுடரில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கொட்டித் தீர்த்துவிடலாம் என்று ஒருநாளும் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதாக உள்ள குளியலறையில் அது மூச்சை அடைக்கும். சுத்தம் செய்யும் திரவங்களில் எந்த இரண்டின் மிச்சத்தையும் கலக்கக் கூடாது.

சிட்டை எழுதும்போதுதான் விஷயம்

இதுவரை சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு குழியில் விழலாம். வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்குகிறீர்கள். கனிந்ததை முதலில் தின்போம் என்று இன்று அழுகப் போவதைத் தின்கிறீர்கள். நாளைக்கு இன்னொன்று அழுகப் போகும். கடைசிவரை நல்ல பழம் ஒன்றுகூட வாயில் படாது. பழசைத் தீர்ப்பதிலேயே மும்முரமாக இருக்கும் வீட்டில் எப்போதும் வாடியதே சமைபடும். அங்கே கோளாறு வாங்கும் அளவில்.

காய்கறிக்கு மதுரையில் இந்தக் கவலையே வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் தேதி இங்கேதான், அண்ணா நகரில், திறந்தார்கள். பக்கத்துக் கிராமத்துக் காய் காலையிலேயே வந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் வாங்கினால் போதும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலை மலிவு என்று பை பையாக அள்ளி வருவது, பத்துப் பேர் சாப்பிடுகிற வீட்டுக்குத்தான் கட்டும்.

கீழமாசி வீதி மொத்தக் கடைகளும் அப்படித்தான். பருப்பு, மிளகாய், புளி கிலோவுக்குச் சில ரூபாய் குறையும் என்பது மெய். புளியும் உப்பும் மிளகும் அங்கே மொத்தமாக வாங்குங்கள், கெடாது. ரவை, கோதுமை மாவு, கடலை மாவு, பாசிப்பருப்பு இவற்றைத் தெருமுனைப் பலசரக்குக் கடையில் அரைக் கிலோ, ஒரு கிலோவாக வாங்குங்கள். ‘ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ’ என்று ஆடி மாதம் கூப்பிடும்போது பிரிக்காத பெட்டியில் அதே சாமான் ஏற்கெனவே கிடக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள்.

சிட்டையை மாத முதல் தேதிக்கு ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், ஒரு பென்சில். பிரிக்காத பெட்டியிலிருந்து கடைசிப் பாக்கெட்டை எவர் எடுத்தாலும் அப்போதே அந்தப் பெயரை எழுத வேண்டும். எழுதாதது சிட்டையில் வராது, வாங்கவும் கூடாது. சமையல் கேஸ் இதற்கு விதிவிலக்கு. இரண்டு சிலிண்டர் இருந்தால், இரண்டாவதை மாட்டிய அன்றைக்கே அடுத்ததற்குப் பதிந்துவிடுங்கள். 14.2 கிலோ தீர்வது எப்போது என்று ஜோசியம் பார்க்க முடியாது. விருந்தாளி வந்த அன்றுதான் தீரும்.

கூட இருப்பவர்கள்

அறையைப் பகிர்ந்து தங்கும் பையன்களுக்கு: பொதுச் சாமான், சொந்தச் சாமான் என்று இரண்டு தட்டு வைத்துவிடுங்கள். பொதுத் தட்டில் மட்டும் இந்தச் சட்டம் செல்லும். அடுத்தவன் ஊறுகாயில் பழசு புதுசு பார்க்க வேண்டாம்.

ஊரிலிருந்து அத்தையோ மாமியோ வந்து நாலு நாள் தங்கினால் அலமாரி இடம் மாறிவிடும். சண்டைக்குப் போகாதீர்கள். வந்த அன்றே “அத்தை, பிரிச்சதெல்லாம் இந்தத் தட்டுல இருக்கு, மேல இருக்கிறது மாதக் கடைசிக்கு” என்று காட்டிவிட்டால் போதும். அவர்கள் கொண்டுவரும் முறுக்கையும் மாவடுவையும் பரணுக்கு ஏற்றிவிடாதீர்கள். வீட்டுச் சரக்கில் தேதி இராது, அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும்.

கடைசியாக, பழசு முடியட்டும் என்று காத்துக் காத்துப் புதுசே பழசாகிப்போகும் சாமான்கள். கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி பெட்டியோடு பரணில் இருக்கும், இப்போதிருப்பது கெட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று. வாரண்டி பெரும்பாலும் பில் போட்ட தேதியிலிருந்து ஓடுகிறது, பெட்டியைப் பிரித்த தேதியிலிருந்து அல்ல. ஒருதரம் இறக்கி ஓட்டிப் பார்த்து, பில்லைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், கோளாறு இருந்தால் இப்போதே தெரியட்டும். பட்டுப்புடவையை மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் மடித்த கோட்டில் சரிகை ஒடியும். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். சுங்குடி சேலையைக் கஞ்சி மொடமொடப்போடு அப்படியே பீரோவில் அடுக்கினால் அந்தக் கஞ்சிக்கு இராமபாணப் பூச்சி வரும். உடுத்தப் போவதில்லை என்றால் உப்புப் போட்ட தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி வையுங்கள். உடுத்தப் போகிறீர்கள் என்றால் இந்த வாரமே உடுத்துங்கள்.